இந்தியாவின் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளையோர் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் என்னிடம் வருகின்றன. அவற்றுள் பாதி வயதுப் பிரிவுகளைக் குழப்பிக்கொள்வதால் எழுபவை. மீதி, ஒரு தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு அதன் கீழே இருந்ததை விட்டுவிடுவதால் எழுபவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, வரிசையாக விடை எழுதியிருக்கிறேன். முந்தைய விடையில் வந்துவிட்டதை மீண்டும் விளக்கவில்லை என்பதால், முதலிலிருந்து படிப்பது நல்லது.

இந்தியா கால்பந்து உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை என்கிறார்கள். அப்படியானால் 2017-இல் டெல்லியில் நடந்தது என்ன?

இரண்டு கூற்றுகளும் சரியானவையே. மூத்தோர் அணி ஆடவர் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் இதுவரை ஆடியதில்லை. 1950-இல் பிரேசில் போட்டிக்கு இடம் கிடைத்தும் அணி செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதிக்காததே காரணம் என்ற கதை இன்றும் உலவுகிறது. ஆனால் அன்றைய நிர்வாகிகள் ஒலிம்பிக்கைப் பெரிதாகவும் உலகக் கோப்பையைச் சிறிதாகவும் எண்ணினார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

2017-இல் நடந்தது 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை. அக்டோபர் 6 முதல் 28 வரை டெல்லி, கொல்கத்தா, நவி மும்பை, கொச்சி, குவாஹாட்டி, மட்காவ் ஆகிய 6 நகரங்களில் 24 அணிகள் 52 ஆட்டங்கள் ஆடின. ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பை ஒன்றில், எந்த வயதுப் பிரிவிலும், இந்திய அணி களமிறங்கியது அதுவே முதல்முறை.

அண்டர் 16 என்கிறார்கள், அண்டர் 17 என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அணிகளா?

பெரும்பாலும் ஒரே படிக்கட்டின் இரண்டு பெயர்கள்தாம். ஆசியப் போட்டி முன்பு உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டில் நடந்தது. அடுத்த ஆண்டு 17 வயதை எட்டவிருக்கும் பிள்ளைகள் அப்போது 16 வயதில் இருந்ததால், 2018 வரை அது 16 வயதுக்குட்பட்டோர் போட்டி என்று வழங்கியது. 2023 முதல் இரண்டும் ஒரே ஆண்டில் நடப்பதால் ஆசியப் போட்டியின் பெயரும் 17 என்று மாறிவிட்டது. 20 வயதுக்குட்பட்டோர் அணிதான் உண்மையில் வேறு அணி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'உட்பட்டோர்' என்பது பிறந்த நாளைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2017 போட்டிக்கு 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 2000 ஜனவரியில் பிறந்த ஒருவர் போட்டியின்போது 17 வயதும் 9 மாதமும் நிரம்பியவராக இருப்பார். அதில் தவறேதும் இல்லை. மேலும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்த அணியும் மாறிவிடும். 'போன முறை இவர்கள் நன்றாக ஆடினார்களே' என்று சொல்வோர், அந்த 'இவர்கள்' இப்போது வேறு அணிகளில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

2017-க்குத் தகுதிச் சுற்றில் வென்றுதானே வந்தோம்?

இல்லை. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் நேரடியாக இடம் கிடைத்தது. நடத்தும் உரிமை 2013 டிசம்பரில் இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. அணியைக் கட்டும் வேலை அதன் பிறகே மும்முரமாயிற்று. ஜெர்மானியரான நிகோலாய் ஆடம் 2015 முதல் பயிற்சியாளராக இருந்து 2017 தொடக்கத்தில் விலகினார்; போர்ச்சுகலைச் சேர்ந்த லூயிஸ் நார்டன் டி மாட்டோஸ் போட்டிக்கு ஏறக்குறைய ஏழு மாதங்களே இருந்த நிலையில் பொறுப்பேற்றார்.

தகுதிச் சுற்று இருந்திருந்தால் வந்திருப்போமா என்று கேட்பவர்களுக்கு 2016-இல் கோவாவில் நடந்த ஆசியப் போட்டியே விடை. அதையும் இந்தியாதான் நடத்தியது. ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2-3 என்று தோற்று, சவூதி அரேபியாவுடன் 3-3 என்று சமன் செய்து, ஈரானிடம் 0-3 என்று தோற்று லீக் சுற்றோடு வெளியேறினோம். அரையிறுதிக்கு வந்த அணிகளுக்குத்தான் உலகக் கோப்பை வாய்ப்பு என்பதால், வழக்கமான வழியில் அந்த அணி தகுதி பெற்றிருக்காது.

2017 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்றோமே, அவ்வளவு மோசமாகவா ஆடினார்கள்?

மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் அடித்து 9 கோல்கள் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தப் பிரிவு எப்படிப்பட்டது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கானா, கொலம்பியா, அமெரிக்கா மூன்றும் தலா 6 புள்ளிகள் பெற்றன; கோல் வித்தியாசத்தில் கானா முதலிடம் பெற, அதிலும் சமமாக நின்ற மற்ற இரண்டின் வரிசை அவை தமக்குள் ஆடிய ஆட்டத்தைக் கொண்டே முடிவாயிற்று. அதாவது, அவை ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்ட சம பலமுள்ள அணிகள். இந்தியா ஒன்றுதான் அந்த வரிசைக்கு வெளியே நின்றது.

அக்டோபர் 6 அன்று அமெரிக்காவுக்கு எதிராக ஏறக்குறைய முதல் அரை மணி நேரம் கோல் விழவில்லை. பிறகு ஜோஷ் சார்ஜென்ட் பெனால்டியில் முதல் கோலை அடித்தார். இடைவேளைக்குப் பிறகு கிறிஸ் டர்கின் இரண்டாவதை அடித்தார். 84-ஆவது நிமிடத்தில் நடந்ததை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு: அன்வர் அலி அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்ப, அதே ஓட்டத்தில் அமெரிக்கர்கள் எதிர்த்தாக்குதல் தொடுத்து ஆண்ட்ரூ கார்ல்டன் மூலம் மூன்றாவது கோலைப் போட்டார்கள். 1-2 ஆக வேண்டியது சில நொடிகளில் 0-3 ஆயிற்று. பெரிய அணிக்கும் வளரும் அணிக்கும் உள்ள இடைவெளி அந்தச் சில நொடிகளில் தெரிந்தது. பந்தை இழந்தவுடன் என்ன செய்வது என்பது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது, நம்மவர்களுக்கு ஆகியிருக்கவில்லை.

அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டமே மூன்றில் சிறந்தது. முதல் பாதியில் ராகுல் கே.பி. அடித்த பந்து கம்பத்தில் பட்டது. கோல்கீப்பர் தீரஜ் சிங் பலமுறை அணியைக் காப்பாற்றினார். 49-ஆவது நிமிடத்தில் பெனலோசா கோல் அடித்தார். 82-ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் கிக்கை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். அரங்கம் எழுந்து நின்று முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே பெனலோசா மீண்டும் ஒரு கோல் அடித்துவிட்டார். கானாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடல் வலிமையிலும் வேகத்திலும் கானா முந்தியிருந்தது; களைத்த கால்களோடு ஆடிய இந்தியா கடைசி ஐந்து நிமிடங்களுக்குள் மட்டும் 2 கோல்கள் வாங்கியது.

ஜீக்சன் அடித்தது ஒன்றுதான் இந்தியாவின் உலகக் கோப்பை கோலா?

ஆம். ஃபிஃபாவின் கால்பந்து உலகக் கோப்பைகளில் இந்தியக் கணக்கில் இருக்கும் ஒரே கோல் அதுதான். 2022-இல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை இந்தியா நடத்தி அதில் ஆடியது; அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றதில் கோல் எதுவும் அடிக்கப்படவில்லை.

அந்தப் பெண்கள் அணியும் நடத்தும் நாடு என்ற முறையிலேயே ஆடியது. போட்டி முதலில் 2020-இல் நடக்கவிருந்து, கொரோனாவால் கைவிடப்பட்டு, 2022-க்கு மீண்டும் இந்தியாவுக்கே வழங்கப்பட்டது. அந்தப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியதால் போட்டி கைநழுவவில்லை.

அணியில் தமிழ்நாட்டுப் பையன் யாராவது இருந்தானா? ஏன் பாதிப் பேர் மணிப்பூரிகள்?

2017-இன் 21 பேர் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து யாரும் இல்லை. தென்னிந்தியாவிலிருந்து சஞ்சீவ் ஸ்டாலினும் ஹென்றி ஆண்டனியும் கர்நாடகத்தின் சார்பில் இருந்தார்கள், ராகுல் கே.பி. கேரளத்தின் திருச்சூரைச் சேர்ந்தவர். பெயரைக் கண்டு ஸ்டாலினைத் தமிழ்நாட்டுக்காரர் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் பெங்களூருவில் வளர்ந்தவர். சென்னை போட்டி நடந்த நகரங்களிலும் இல்லை.

மணிப்பூரிகள் 8 பேர்; பாதி இல்லை என்றாலும், மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் வியப்பான எண்ணிக்கைதான். அணித் தலைவர் அமர்ஜித் சிங் கியாமும் ஜீக்சனும் தௌபால் மாவட்டத்தைச் சேர்ந்த உறவினர்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள். அங்கே ஊர் மன்றங்களும் ஊர்ப் போட்டிகளும் ஆண்டு முழுவதும் நடப்பதால் பையன்கள் பயிற்சியாளரைப் பார்ப்பதற்கு முன்பே நூறு ஆட்டங்கள் ஆடியிருப்பார்கள். ஆனால் அவர்களைத் தேசிய அணி வரை கொண்டுவந்தது பெரும்பாலும் வெளியூர் அகாதெமிகள்தாம். அமர்ஜித் சண்டிகர் கால்பந்து அகாதெமியில் பயின்றவர், ஜீக்சன் அங்கும் பின்னர் மினர்வா அகாதெமியிலும் பயின்றவர்.

அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்? காணாமல் போய்விட்டார்களா?

காணாமல் போனவர்களும் உண்டு. ஆனால் பொதுவாக நினைப்பதைவிட அதிகம் பேர் நிலைத்திருக்கிறார்கள். உலகக் கோப்பை முடிந்ததும் பலரையும் ஒன்றாக வைத்து, 'இந்தியன் ஆரோஸ்' என்ற பெயரில் ஐ-லீக்கில் ஆடவைத்தது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. அந்த அணியின் முதல் ஆட்டம் 2017 நவம்பர் 29 அன்று கோவாவில் சென்னை சிட்டி அணிக்கு எதிராக நடந்தது. அனிகேத் ஜாதவ் இரண்டு கோலும் போரிஸ் சிங் ஒரு கோலும் அடிக்க, பள்ளிப் பருவத்தினர் 3-0 என்று வென்றார்கள். ஆரோஸ் அணி 2022-இல் கலைக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆட்டம் கிடைக்கச் செய்த ஏற்பாடு என்ற வகையில், அதைக் கலைத்தது எனக்கு உடன்பாடில்லை.

அமர்ஜித், ஜீக்சன், சுரேஷ் சிங் வாங்ஜம், லாலெங்மாவியா ரால்தே, ரஹீம் அலி, அன்வர் அலி ஆகியோர் மூத்தோர் தேசிய அணிக்காக ஆடியிருக்கிறார்கள். இவர்களுள் அன்வருக்கு 2019-இல் இதயக் கோளாறு கண்டறியப்பட்டு, ஆட்டமே நின்றுவிடும் நிலை வந்து, நீதிமன்றம் வரை போய் மீண்டும் களம் திரும்பினார். கோல்கீப்பர்களில் பிரப்சுகன் கில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக 2021-22 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றார். சென்னை ரசிகர்களுக்கு ரஹீம் அலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, சென்னையின் எஃப்.சி. அணியில் பல பருவங்கள் ஆடியவர்.

2018-இல் ஒரே ஒரு வெற்றியில் உலகக் கோப்பை தவறிப்போனது என்பது உண்மையா?

உண்மை. நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமல் இந்தியா உலகக் கோப்பைக்கு மிக அருகில் போனது அப்போதுதான். பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியளித்த அந்த அணி, மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் வியட்நாமை 1-0 என்று வென்று, ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் 0-0 என்று சமன் செய்து, ஒரு கோலும் வாங்காமல் காலிறுதிக்கு வந்தது. ஈரான் ஆட்டத்தில் கோல்கீப்பர் நீரஜ் குமார் பெனால்டியைத் தடுத்தார். காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1. கோல் 68-ஆவது நிமிடத்தில் விழுந்தது.

வென்றிருந்தால் அரையிறுதிக்குச் சென்று, 2019 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருப்பார்கள். ஆனால் அந்த அணி நான்கு ஆட்டங்களில் அடித்த கோல் மொத்தம் ஒன்று, அதுவும் பெனால்டி. தற்காப்பில் கெட்டியாக நிற்க அந்த வயதில் சொல்லிக்கொடுத்துவிடலாம், கோல் அடிக்கும் ஆளை உருவாக்குவது அதைவிடக் கடினம் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

இத்தாலியை 2-0 என்று வென்றோம் என்று செய்தி வந்ததே. அது பொய்யா?

ஆட்டம் நடந்தது, வென்றதும் நிஜம். எதிரணியின் பெயர்தான் தவறு. 2017 மே மாதத்தில் ஐரோப்பியப் பயிற்சிப் பயணத்தின்போது இந்திய அணி இத்தாலியில் ஓர் ஆட்டத்தை 2-0 என்று வென்றது. இத்தாலியின் 17 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியை வீழ்த்தியதாக இங்கே செய்தி பரவியது. தேசிய அணி அந்த ஆட்டத்தில் ஆடவில்லை என்று இத்தாலியத் தரப்பு பின்னர் தெளிவுபடுத்தியது. இந்தியாவுக்கு எதிராக ஆடியவர்கள் கீழ்நிலை லீக் மன்றங்களின் பிள்ளைகள். வாழ்த்துச் செய்திகள் பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை.

அர்ஜென்டினாவை வென்றதும் அதே கதைதானா?

இல்லை, அது வேறு. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் நடந்த கோடிஃப் கோப்பையில், இந்தியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அதே பிரிவு அர்ஜென்டினா அணியை 2-1 என்று வென்றது. தீபக் டாங்ரியும் அன்வர் அலியும் கோல் அடித்தார்கள். அன்வருடையது ஃப்ரீ கிக். அனிகேத் ஜாதவ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால் இரண்டாம் பாதியில் பெரும்பகுதியை 10 பேராகவே ஆடினார்கள். எதிரணியின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. நான்கு ஆண்டுகள் கழித்து கத்தாரில் உலகக் கோப்பையை வென்ற அதே ஸ்கலோனி.

எனினும் அது அழைப்புப் போட்டி. தகுதிச் சுற்றோ கண்டப் போட்டியோ இல்லை. அந்த முறை கோப்பையை வென்றதும் அர்ஜென்டினாதான். பெருமைப்பட வேண்டிய வெற்றிதான்; ஆனால் அதை வைத்து இரு நாடுகளின் தரத்தை ஒப்பிட முடியாது.

தெற்காசியக் கோப்பையை விடாமல் வெல்கிறோம். ஆசியப் போட்டி என்றால் மட்டும் ஏன் உதைபடுகிறோம்?

தெற்காசியப் போட்டி 15, 16, 17 என்று ஆண்டுக்கு ஆண்டு வயதுப் பிரிவு மாறி நடப்பது. இந்தியா அதை 2013, 2017, 2019 ஆகிய ஆண்டுகளிலும், பிறகு 2022 முதல் 2025 வரை ஆண்டுதோறும் வென்றது. 2019-இல் கல்யாணியில் நேபாளத்தை 7-0 என்றும், 2022-இல் கொழும்பில் அதே நேபாளத்தை 4-0 என்றும் இறுதியில் தோற்கடித்தது. ஆனால் 2025-இல் மீண்டும் கொழும்பில் நடந்த இறுதியில் வங்கதேசத்துடன் 2-2 என்று சமனாகி, பெனால்டியில்தான் தப்பியது. அண்டை நாடுகள் நெருங்கி வருகின்றன என்பதை அந்த மாலை சொல்லிவிட்டது.

ஆசிய அளவு வேறு உலகம். 2023-இல் தாய்லாந்தில் வியட்நாமுடன் 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்று தாக்குப்பிடித்த அணி, ஜப்பானிடம் 4-8 என்று தோற்றது. ஜப்பானுக்கு 4 கோல் அடித்ததைக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள்; நான் அந்த 8-ஐத்தான் பார்த்தேன். ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளி அணிகளும் மன்ற அணிகளும் கலந்து ஆடும் லீக்கில் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். இங்கே இளையோர் லீக் மண்டலங்களாகப் பிரிந்து சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. மீதி நாள்களுக்குப் பயிற்சி முகாம்தான். முகாமில் உடலைத் தேற்றலாம். மேலே நான்காவது கேள்வியில் சொன்ன, பந்தை இழந்த அந்தச் சில நொடிகளுக்கான பழக்கம் ஆட்டங்களில்தான் வரும்.

வயதைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்ற புகார் உண்மையா?

வயது மோசடி இந்தப் பிரிவின் பழைய நோய். ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாததால், 2009-இல் நைஜீரியாவில் நடந்த உலகக் கோப்பை முதல் ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. மணிக்கட்டில் ஆரை எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு முழுமையாக ஒட்டிவிட்டிருந்தால், அந்தப் பையன் 17-ஐத் தாண்டியிருக்க மிகுந்த வாய்ப்புண்டு. இது வயதைத் துல்லியமாகச் சொல்லும் சோதனையன்று. வயது மிகுந்தவரை வடிகட்டும் சல்லடை மட்டுமே. எலும்பு தாமதமாக வளர்பவர் வயது கூடியிருந்தும் தப்பலாம். சீக்கிரம் வளர்பவர், அரிதாக, தவறின்றியே சிக்கலாம்.

1974-இல் இந்தியா ஆசிய இளையோர் சாம்பியன் என்கிறார்கள். அப்படியானால் அப்போதே உலகக் கோப்பைக்குப் போயிருக்க வேண்டாமா?

சாம்பியன் என்பது சரி. ஆனால் கூட்டுச் சாம்பியன். 1974 ஏப்ரல் 30 அன்று பாங்காக்கில் நடந்த இறுதியில் ஈரானுடன் 2-2 என்று சமனாகிக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டோம். அணித் தலைவர் ஷபீர் அலி, பயிற்சியாளர் அருண் கோஷ். அது 20 வயதை ஒட்டிய பிரிவு என்பதால் இந்தப் பக்கத்தின் அணிக்கு அண்ணன்மார்களின் கதை.

உலகக் கோப்பைக்குப் போகாததற்குக் காரணம் எளிது: போவதற்கு அப்படி ஒரு போட்டியே அன்று இல்லை. இளையோர் உலகப் போட்டி 1977-இல் துனீசியாவில்தான் தொடங்கியது. 17 வயதுக்குட்பட்டோருக்கானது அதற்கும் பின்னர், 1985-இல் சீனாவில், 16 வயதுப் பிரிவாகத் தொடங்கியது. இந்தியா உச்சத்தில் இருந்த ஆண்டுக்கும் முதல் உலகப் போட்டிக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் குறுக்கே நின்றன.

இப்போதைய விதி 2018-இல் இருந்திருந்தால் நாம் போயிருப்போமா?

போயிருப்போம். 2025 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆண்டுதோறும் கத்தாரில் 48 அணிகளோடு நடக்கிறது. 2025-க்கான ஆசியப் போட்டியில் காலிறுதிக்கு வந்த 8 அணிகளும் தகுதி பெற்றன. 2018-இல் இந்தியா செய்தது அதைத்தான். எனவே இன்று தடையாக இருப்பது லீக் சுற்று: 16 அணிகளில் தன் பிரிவில் முதல் இரண்டுக்குள் வர வேண்டும்.

அந்த 16-க்குள் நுழைவதே எளிதாக இருக்கவில்லை. 2025 ஆசியப் போட்டிக்கு இந்தியா தகுதி பெறவில்லை. 2026 போட்டிக்கான தகுதிச் சுற்று அகமதாபாத்தில் நடந்தபோது, பாலஸ்தீனத்துடன் சமன் செய்து, சீன தைபேயை வென்று, லெபனானிடம் தோற்று, கடைசி ஆட்டத்தில் ஈரானை வென்றே தீர வேண்டும் என்ற நிலையில் நின்றது. 2025 நவம்பர் 30 அன்று முதல் கோலை ஈரான் அடித்தது. இடைவேளைக்குச் சற்று முன் கிடைத்த பெனால்டியில் இந்தியா சமன் செய்து, இரண்டாம் பாதியில் இன்னொரு கோல் அடித்து 2-1 என்று வென்று தகுதி பெற்றது. பயிற்சியாளர், 2018-இல் அந்த ஒற்றைக் கோலில் தோற்ற அதே பிபியானோ பெர்னாண்டஸ்.